எல்பாவின் இரண்டு பானைகள்

காலை ஐந்து நாற்பதுக்குக் கெட்டில் கொதித்து நின்றது. ரஞ்சினி தேநீரை ஊற்றிக்கொண்டு எல்பாவின் அறைக் கதவை முழங்கையால் தள்ளினாள். எல்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"மாமி."

கோப்பையை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டாள். போர்வைக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டாள். கை குளிர்ந்திருந்தது. விரல்களில் நேற்றைய வெங்காய வாசனை இன்னும் போகவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேநீரில் ஆடை படர்ந்த பிறகுதான் தொலைபேசியை எடுத்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த இருவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எட்டு மணிக்குக் குடும்ப டாக்டர் வந்து காகிதம் எழுதிக் கொடுத்தார். ஒன்பதரைக்குச் சவச்சாலைக்காரர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கையில் ஒரு டேப்லட் இருந்தது.

"நீங்கள் மகளா?"

"மருமகள்."

"அவருக்குப் பிள்ளைகள்?"

"ஒரு மகன். பேர்த்தில்."

"அப்படியென்றால் நெருங்கிய உறவு அவர்தான். அவருடைய நம்பர் இருக்கிறதா?"

சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். அவளுடைய பெயரை அவர் கேட்கவில்லை.

அந்த நம்பருக்கு அவள் ஏற்கனவே பேசியிருந்தாள். மகன் ரொட்ரிகோ லாரிச் சத்தத்துக்கு நடுவே "எப்ப?" என்று இரண்டு தரம் கேட்டான்.

"திங்கள் வாறன்" என்றான் பிறகு. "நீ இன்னும் அங்கதான் நிக்கிறியா?"

"ஓம்."

"சரி. தாங்க்ஸ்."

ஆறு வருடத்துக்கு முன் சுரங்க வேலைக்கென்று பேர்த்துக்குப் போனவன். அங்கே வேறொருத்தி இருப்பதைப் போனில் சொன்னான். இரண்டு வருடம் கழித்து விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. எல்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் வைத்து அதை முழுக்கப் படித்தார். மகனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் துணி வாங்கி வந்து ரஞ்சினியின் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தார். ரஞ்சினி பெட்டியை அலுமாரி மேலே திரும்ப ஏற்றி வைத்தாள்.

இருவருக்கும் பொது மொழி உடைந்த ஆங்கிலம். மாமி என்றுதான் அவள் கூப்பிட்டாள். எல்பாவின் மொழியில் அது அம்மாவைக் கூப்பிடும் சொல். அவர் அதைத் திருத்தவில்லை.

பத்து மணிக்கு வாகனம் புறப்பட்டது. தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. ரஞ்சினி உள்ளே வந்து அக்காவுக்கு எடுத்தாள். ராகவி மெல்பேர்னில், வெரிபீயிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் இருந்தாள்.

"மாமி செத்துப்போனா, அக்கா."

"ஆர், அந்தச் சிலிக்காரியோ?"

"ஓம்."

"ஐயோ. எப்ப?"

"ராத்திரி. நித்திரையில."

"நல்ல சாவு. குடுத்து வச்சவ."

ரஞ்சினி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். நாளைய சனிக்கிழமையைச் சுற்றி எல்பா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"எனக்கு எத்தினை நாள் துடக்கு, அக்கா?" என்று சாவுத் தீட்டைக் கேட்டாள்.

மறுமுனையில் அடுத்த ஸ்டேஷன் பெயர் அறிவிக்கப்பட்டது.

"உனக்கு என்னடி துடக்கு? அவன் விட்டிட்டுப் போய் ஆறு வருசம். பேப்பரும் வந்திட்டுது. நீ இப்ப அந்த வீட்டுக்கு ஆர்?"

ரஞ்சினி காலண்டரின் சிவப்பு வட்டத்தை விரலால் தொட்டாள்.

"முழுகிப்போட்டு வேலைக்குப் போ."

"லீவு சொல்லிட்டன்."

"என்னெண்டு சொன்னனி?"

"மாமி எண்டு."

"சரி. சாப்பிட்டியா?"

"இல்லை."

"அவையள் வேதக்காரர், மாதா கோவில் ஆக்கள். அவையளுக்கு உந்தத் துடக்கு ஒண்டும் இல்லை. நீ ஏன் சும்மா..."

தொடர்பு அறுந்தது. ரஞ்சினி சிறிது நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அது திரும்ப அடிக்கவில்லை.

ஊரில், கொக்குவிலில் அப்பா செத்த அன்று, உடல் வீட்டைவிட்டுப் போனதும் அம்மா குசினிக்குள் போனார். சமைத்தது எல்லாவற்றையும் வெளியே கொட்டினார். குடத்துத் தண்ணீரையும் ஊற்றினார். உதவி செய்யவென்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாரும் அதில் கை வைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்தான் அதைச் செய்ய வேண்டும்.

ரஞ்சினி கெட்டில் தண்ணீரைச் சிங்கில் ஊற்றினாள். ஆறிய தேநீரை ஊற்றினாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து புதன்கிழமைப் பருப்பையும் சோற்றையும் எல்பாவின் பூசணி சூப்பையும் கறுப்புப் பையில் கொட்டினாள். கீழ்த்தட்டில் இரண்டு பெரிய பானைகள் இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பைக்குள் கவிழ்த்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. மேலே நெய் செம்மஞ்சளாக உறைந்திருந்தது. பை கிழிந்துவிடும் என்று மூன்று பைகளைச் சேர்த்துக் கட்டினாள். வெளியே தெருவோரம் நின்ற தொட்டியில் போட்டு மூடினாள்.

பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். தலை முழுகினாள். தலையைத் துவட்டிக்கொண்டு ஜன்னலருகே நிற்கும்போது குப்பை வண்டி வந்தது. வெள்ளிக்கிழமை குப்பை நாள். இரும்புக் கை தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து இரண்டு தரம் உதறி இறக்கி வைத்தது.

பதினொன்று நாற்பதுக்கு மார்த்தா பேசினார். எல்பாவும் மார்த்தாவும் ஒரே வருடம் சிலியிலிருந்து வந்தவர்கள். ரொட்ரிகோவிடமிருந்து அவருக்குச் செய்தி போயிருந்தது. முதலில் அழுதார். ரஞ்சினி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மிஹா" என்றார் மார்த்தா. மகளே என்பதுபோல் அவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒண்டு கேக்கிறன். எல்பா நாளைக்கான இறைச்சி, அந்தப் பீனோவைச் செய்து முடிச்சவவா?"

"முடிச்சவ. நேற்று."

"கடவுளே. அப்ப அது கிடக்கு."

ரஞ்சினி சிங்கின் பக்கம் திரும்பினாள்.

"அவவின்ர கையால செய்த கடைசிச் சாப்பாடு. நாளைக்கு ஆளுக்கு ஒண்டு எல்லாரும் சாப்பிடுவினம். ஆறு மணிக்கு மடிக்க வாறம்."

"நாளைக்கு நடக்குமா?"

"நடக்காமல்? இனி அவவுக்காகவே நடக்கும்."

சாவு விழுந்தால் கொண்டாட்டம் இராது. ரஞ்சினி அறிந்த உலகத்தில் கல்யாணம்கூடத் தள்ளிப் போகும். சிவப்பு வட்டம் போட்ட சனிக்கிழமை இல்லாமல் போய்விட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பானைகளைத் தூக்கும்போது அவள் அதை யோசிக்கவும் இல்லை.

"மிஹா? அழாதை. நான் வாறன்."

சிங்கின் பக்கத்தில் பானைகள் கவிழ்ந்திருந்தன. ஒன்றின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. இப்போது சொல்லியிருக்கலாம். மார்த்தா அவளுக்கு நேரம் கொடுப்பதுபோல் காத்திருந்தார். பிறகு "ஓம் மிஹா, ஓம்" என்று சொல்லி வைத்தார்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், சிலியின் சுதந்திர நாளை ஒட்டிய சனிக்கிழமை, மாதா கோவில் மண்டபத்துக்குப் பின்னால் பந்தல் போடுவார்கள். ஃபெயர்ஃபீல்டையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த சிலிக்காரர் எல்லாரும் வருவார்கள். கொலம்பியர், பெருக்காரர், எல் சால்வடோர்க்காரர் என்று பக்கத்து மேசைகளும் நிறையும். கிற்றார், வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடும் ஆட்டம், எம்பனாடா. முதன்முதலில் எம்பனாடாவைப் பார்த்தபோது ரஞ்சினி ஊரில் பொரிக்கும் பற்றீஸ் என்று நினைத்தாள். மாவு மடிப்புக்குள் வைக்கும் மாட்டிறைச்சியும் வெங்காயமும்தான் பீனோ. ஒரு இரவு ஊற வேண்டும். முப்பது வருடமாக அதை எல்பாதான் செய்தார். மற்ற யாரையும் கிட்ட விடுவதில்லை. ரஞ்சினி மட்டும் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பாள்.

அவள் பதினொரு செப்டம்பர் உரித்திருக்கிறாள். ஒரு தரமும் சாப்பிட்டதில்லை. மாடு அவள் வீட்டில் சாப்பிடாதது. எல்பா அதை ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த வருடத்திலிருந்து அவளுக்கென்று பாலாடைக்கட்டி வைத்து எட்டு எம்பனாடா தனியாகச் செய்தார். மாறிப் போகாமல் இருக்க அவற்றை மட்டும் பிறை மாதிரி மடித்தார்.

ரஞ்சினி எல்பாவின் இறைச்சிக் கடைக்குப் போகவில்லை. அங்கே கேள்வி வரும். ரயில் நிலையத்துக்கு மறுபக்கம், யாருக்கும் தன்னைத் தெரியாத கடைக்குப் போனாள்.

"மாட்டிறைச்சி, அஞ்சு கிலோ. கையால வெட்டித் தரேலுமா? மெஷின் வேண்டாம்."

"நேரமெடுக்கும்" என்றான் கடைக்காரன்.

"நிக்கிறன்."

வெங்காயம் ஐந்து கிலோ. முட்டை. ஒலிவ் காய், திராட்சையைக் காயவைத்த முந்திரிகை வற்றல் வீட்டில் இருந்தன. ஒரு மணிக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். கண் எரிந்தது. கையால் துடைக்காமல் தோளில் துடைத்தாள்.

எல்பா எதையும் அளந்ததில்லை. ஆனால் அந்தக் கை எத்தனை தரம் உப்புச் சாடிக்குள் போய் வந்தது என்பது ரஞ்சினிக்குத் தெரியும். பானைக்கு மூன்று. நெய் சூடானதும் சிவப்புத் தூள். நிறம் வந்த கணமே வெங்காயம். வெங்காயம் கண்ணாடியானதும் இறைச்சி. சீரகத்தைச் சின்னச் சட்டியில் வறுத்தாள், வாசனை எழுந்ததும் இறக்கி இடித்துப் போட்டாள். எல்பாவின் மரக்கரண்டியால் கிளறினாள். அடியில் பிடிக்கவில்லை.

கடைசியில் எல்பா ஒரு துளியைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். ரஞ்சினி கரண்டியை மோவாய்வரை கொண்டு வந்தாள். ஆவி மூக்கில் அடித்தது. கரண்டியை இறக்கினாள்.

வீட்டில் படையலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் அப்படிச் சமைத்திருக்கிறாள். உப்புக் கைக்குத் தெரியும் என்று அம்மா சொல்லுவார்.

தட்டுகளில் பரப்பி மின்விசிறியை அதன்மேல் திருப்பி வைத்தாள். ஐந்தரைக்கு அதே இரண்டு பானைகளில் திரும்ப நிரப்பிக் கீழ்த்தட்டில் வைக்கக் குனிந்தாள். தட்டின் கடைசியில் ஒரு கிண்ணம் இருந்தது, மேலே சின்னத் தட்டால் மூடி. திறந்து பார்த்தாள். பாலாடைக்கட்டி, விரல் அளவில் வெட்டியது. எண்ண வேண்டியிருக்கவில்லை. சமைத்த பொருள் இல்லை என்பதால் காலையில் அது அவள் கண்ணில் படவில்லை.

மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆறு மணிக்கு மார்த்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் மாவோடு வந்தார்கள். எல்பாவின் படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றி ஜெபம் சொன்னார்கள். ரஞ்சினி குசினி வாசலில் நின்றாள். பிறகு மார்த்தா பானையைத் தூக்கி மேசையில் வைத்து, மூடியை எடுத்துக் குனிந்து மணந்தார்.

"எல்பா" என்றார். மற்ற இருவரும் வந்து மணந்தார்கள்.

ரஞ்சினி சிங்கில் ஏற்கனவே கழுவிய கத்தியைத் திரும்பக் கழுவினாள்.

மடிக்கத் தொடங்கியதும் பேச்சு வந்தது. கண்ணாடி போட்ட பெண் முந்திரிகை வற்றலை ஒதுக்கி வைத்தாள்.

"அதைப் போடு" என்றார் மார்த்தா.

"என்ர வீட்டில போடுறேல்லை."

"உன்ர வீட்டில அதுக்குப் பேர் சமோசா."

"இனிப்பும் இறைச்சியும் ஆர் சேர்த்துச் சாப்பிடுவான்?"

"எல்பாவிட்டச் சொல்லிப் பார்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது. கண்ணாடிப் பெண் வற்றலை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டாக வைத்தாள்.

மடித்தவற்றை அடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது மார்த்தா கிண்ணத்தைக் கண்டார்.

"இது உன்ர."

"வேண்டாம். வையுங்கோ."

"அவ உனக்கு வெட்டினது, மிஹா." மார்த்தா எட்டு வட்டம் தேய்த்தார். எட்டுப் பிறை மடித்தார். முள்ளுக் கரண்டியால் ஓரங்களை அழுத்தினார். ரஞ்சினி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வெயிலடித்தது. பந்தலின் கம்புகளில் காகிதக் கொடிகள் கட்டியிருந்தன. எல்பாவின் கதிரையை முன்வரிசையில் வெறுமையாக விட்டு, மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை அதில் வைத்திருந்தார்கள்.

துடக்குக்காரர் கொண்டாட்டத்துக்குப் போவதில்லை. வரமாட்டேன் என்று ரஞ்சினி சொன்னபோது மார்த்தா காரை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். அதனால் வந்தாள். ஆனால் பந்தலுக்குள் போகவில்லை. வெளியே தண்ணீர்த் தாங்கியின் நிழலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் தண்ணீர் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. மடியில் மார்த்தா கொடுத்த காகிதப் பை. அதன் அடி சூடாக இருந்தது.

வந்தவர்கள் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிலர் அவளைக் கோவிலின் பின்கதவுச் சாவிக்காரி என்று நினைத்துக் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். கையைக் காட்டினாள்.

முதல் எம்பனாடா எப்போதும் லூச்சோவுக்கு. எண்பத்தொரு வயது. எல்பாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். ஒவ்வொரு வருடமும் எல்லார் முன்னாலும் ஒரு கடி கடித்துவிட்டு "உப்புக் காணாது, எல்பா" என்பார். எல்பா "உப்பு இருக்கு, உன்ர நாக்குத்தான் செத்துப்போச்சு" என்பார். பந்தல் சிரிக்கும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள்.

மார்த்தா தட்டை லூச்சோவின் முன் வைத்தார். கிற்றார்க்காரன் கம்பிகளில் கையை வைத்து நிறுத்தினான். ரஞ்சினி இருந்த இடத்திலிருந்து லூச்சோவின் முதுகும் தொப்பியும் தெரிந்தன. தொப்பி குனிந்தது. அசையாமல் இருந்தது. பந்தல் காத்திருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கடி கடித்தார். முழுவதையும் சாப்பிட்டு முடித்து, விரல்களைத் துடைத்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள்.

வரிசை தாங்கிவரை நீண்டது. சிலர் சிலுவைக் குறி போட்டுவிட்டுக் கடித்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "எல்பாவின்ர கை, எல்பாவின்ர கைதான்" என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னது ரஞ்சினிக்குக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் தட்டுகள் வெறுமையாகின.

ஆட்டம் தொடங்கியபோது லூச்சோ கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். நேராகத் தாங்கியை நோக்கி வந்தார். ரஞ்சினி எழுந்தாள். "இரு" என்று கையைக் காட்டி, இன்னொரு கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

இருவரும் பந்தலைப் பார்த்தார்கள். வெள்ளைக் கைக்குட்டைகள் மேலே போய்ச் சுழன்று இறங்கின.

"என்னத்துக்கு வெளியில இருக்கிறாய்?"

"எங்கட வழக்கம். செத்த வீட்டுக்காரர் உள்ள வரக்கூடாது."

அவர் தலையை ஆட்டினார்.

"எத்தினை நாள்?"

"முப்பத்தொண்டு."

"நிறைய நாள்."

கிற்றார் வேகமெடுத்தது. காலால் தரையைத் தட்டும் சத்தம் பலகை மேடையில் எழுந்தது.

"எல்பா சீரகம் வறுக்கிறேல்லை" என்றார் லூச்சோ. "பச்சையா இடிச்சுப் போடுவா. அவவின்ர தாயும் அப்பிடித்தான்."

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். கோபமில்லை. ரஞ்சினி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதப் பையில் எண்ணெய் ஊறி வட்டமாகப் பரவியிருந்தது.

பையைத் திறந்தாள். ஒரு பிறையை எடுத்து நடுவில் உடைத்தாள். பாலாடைக்கட்டி ஆறிப்போயிருந்தது, இழுபடவில்லை. பாதியை அவரிடம் நீட்டினாள்.

"இது அவ வெட்டினது."

லூச்சோ இரண்டு கையாலும் வாங்கினார். மெதுவாக, முன்பற்களால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். மற்றப் பாதி அவள் கையிலேயே இருந்தது. அவர் முழங்காலில் விழுந்த துகள்களைத் தொப்பிக்குள் தட்டினார்.

பந்தலுக்குள் ஆட்டம் முடிந்தது. அடுத்த சோடி எழுந்து, கைக்குட்டையை விரலில் தொங்கவிட்டபடி கிற்றாருக்காகக் காத்து நின்றது. லூச்சோ அவள் பக்கம் திரும்பினார்.

"அவ செய்தது எங்க, மிஹா?"